துரைக்கு ஒரு மூக்கு போதும்

எங்கள் அண்ணி மோட்டார் சைக்கிளிலிருந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உறவில் பாதிப் பேர் இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அண்ணி விழுந்தது ஸ்டூலிலிருந்து. ஊரில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுக்கிறவர், சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு திரையை மாட்டப் போய், ஸ்டூல் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்துத் திருகு போட்டு முடுக்கினார்கள். ஆனால் பழி யார் மேல் விழுந்தது? கொட்டகையில் தேமே என்று நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் மேல். "பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வண்டி, அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணியின் பெரியப்பா. ஸ்டூலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்த வண்டிக்குத் துரை என்று பெயர் வைத்தது நான்தான். பழைய பிரிட்டிஷ் வண்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். துரைமார் குணம் அப்படியே இருக்கும். மனசு வந்தால்தான் எழுந்திருப்பார். நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முத்திரை வைப்பார். மழை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அண்ணி அவரைக் கல்யாணத்துக்கு முன்பே, தைத்துச் சம்பாதித்த காசில், துருப்பிடித்த கோலத்தில் வாங்கி, ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தவர். இரண்டு பக்கமும் பெட்டி தொங்கும். ஒன்றில் துணி மாதிரிகள், இன்னொன்றில் அளவு நாடாவும் சுவரில் துளை போடும் மெஷினும். அப்படியே வீடு வீடாக ஜன்னல் அளக்கப் போவார். நாலு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்டு வாடிக்கையாளர்கள் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள்.

கட்டுப் பிரித்த அன்று அண்ணி வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், துரையின் மேல் ஏறி உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தார். பாதி வரை வந்தது. அதற்கு மேல் மணிக்கட்டு கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினார். கைப்பிடி பட்டென்று பழைய இடத்துக்கே ஓடிவிட்டது. அண்ணி கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னடா பாக்கற? பூனை செத்த மாதிரி மூஞ்சிய வெச்சிக்கிட்டு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா உள்ள வந்து அந்த ஸ்க்ரூ டிரைவர எடு."

கோளாறு எங்கே என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துரைக்கு இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கதவு, கதவை அழுத்தி மூடி வைக்க ஒரு ஸ்பிரிங். கைப்பிடியைத் திருகினால் கேபிள் இரண்டாகப் பிரிந்து போய் இரண்டு கதவையும் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பிரேக்கை ஒரு பிடி பிடித்து விட்டால் போதும். ஆக்ஸிலேட்டரை வழி நெடுகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு இரண்டு மூக்கும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். ஒன்று முந்தினால் எஞ்சின் இருமும். மாதம் ஒருமுறை இரண்டையும் சமாதானம் செய்து வைப்பதே அண்ணிக்கு வேலை. "ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்குக் கொண்டை எதுக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே செய்வார்.

முதலில் ஸ்பிரிங்கை மட்டும் லேசானதாக மாற்றிப் பார்த்தோம். இடது பக்கக் கதவு திரும்பி வர மறந்துவிட்டது. நாற்சந்தியில் அண்ணி கையை விட்ட பிறகும் துரை தானாகவே உறுமிக்கொண்டு ஒரு ரொட்டி வேனைப் பார்த்துப் பாய்ந்தார். அண்ணி சாவியைத் திருப்பி நிறுத்தினார். வேன்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்தச் செய்தி என் அண்ணன் காதுக்குப் போனதும் வீட்டில் இடி இறங்கியது. அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருமல் என்று யாராவது வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்புகிற ஆள். அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அவருக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்தவர், அவ்வளவுதான். பயந்தவர்கள்தான் மற்றவர்கள் காலைக் கட்டிப்போடுவதில் கெட்டிக்காரர்கள் என்பது வேறு விஷயம்.

"வண்டிய குடுத்துடலாம்" என்றார் சாப்பாட்டு மேஜையில். "பழைய வண்டிச் சங்கத் தலைவர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. நல்லா வெச்சிப்பாரு."

"அவரு வெச்சிப்பாரு. ஓட்ட மாட்டாரு" என்றார் அண்ணி. "கண்ணாடிக் கதவு போட்ட அறையில நிறுத்தி, துடைச்சுத் துடைச்சே சாகடிச்சுடுவாரு."

"உன்னால ஓட்ட முடியலையே!"

அண்ணி இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி மேஜைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை குறிங்க" என்றார் அண்ணனிடம். "அணை வரைக்கும் போயிட்டு வரேன். நீங்க கார்ல பின்னாடி வாங்க. நானா ஓட்டி, நானா திரும்பி வந்தா வண்டி வீட்டுல இருக்கும். இல்லைன்னா அன்னைக்கே அவரு எடுத்துட்டுப் போகட்டும்."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் காரை விட்டு இறங்கற மாதிரி ஆச்சுன்னா?"

"இறங்கினீங்கன்னா வண்டி போச்சு."

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு என்று முடிவானது. அண்ணி தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆனால் அந்த முயலைப் பிடிக்க அவர் போட்ட திட்டத்தைக் கேட்டபோது எனக்கே பகீர் என்றது. இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒன்றே ஒன்றை மாட்டுவதாம்.

"இதே எஞ்சின அதே கம்பெனிக்காரன் ஒத்தை கார்புரேட்டர் போட்டும் வித்திருக்கான்டா. ரெண்டு பிஸ்டனும் சேர்ந்தேதான் ஏறும், சேர்ந்தேதான் இறங்கும். ஒருத்தன் மூச்சு இழுக்கறப்போ இன்னொருத்தன் வேற வேலையில இருப்பான். ஒரு மூக்கு தாராளம், கை தூக்கவேண்டியதும் ஒரே ஸ்பிரிங். என்ன, மேட்டுல போறப்போ கொஞ்சம் வேகம் குறையும். நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? ஜன்னல் அளக்கப் போறேன்."

ஒற்றைக் கார்புரேட்டர் கிடைத்தது. அதை இரண்டு சிலிண்டருக்கும் இணைக்கக் கவட்டை மாதிரி ஓர் அலுமினியக் குழாய் வேண்டும், மெக்கானிக்குகள் மேனிஃபோல்ட் என்பார்கள். அதுவும் எங்கிருந்தோ தபாலில் வந்தது. அண்ணி தையல் மேஜையைக் காலி செய்து, வெட்டிய துணிகளைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, அங்கேயே கடை பரப்பினார். இடது கையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகிக்கொண்டார். இறுக்குவது மட்டும் என் வேலை. "போதும்… போதும்னா நிறுத்தணும். அலுமினியம்டா அது, உன் மாமனார் வீட்டுக் கேட்டு இல்ல" என்று கூடவே பாட்டு விழும்.

சங்கத் தலைவர் ஒருநாள் வண்டியைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். நல்ல மனிதர், இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் இஸ்திரி போட்ட மாதிரி இருப்பார். மேஜையில் இரண்டு கார்புரேட்டரும் பழைய துணியில் கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, இழவு வீட்டுக்குள் வந்துவிட்டவர் போல நின்றார்.

"ஜோடியைப் பிரிச்சிட்டீங்களேம்மா. இந்த வண்டிக்கு அழகே அதுதானே?"

"அழகு இருக்கட்டும் சார். எனக்கு அது ஓடணும்."

"மறுபடி அதையே மாட்டிடலாமில்ல? தூக்கிப் போட்டுடாதீங்க, தயவு செஞ்சு."

"எண்ணெய் போட்டுச் சுத்தி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நான் தோத்தா வண்டியோட சேர்த்து வாங்கிக்குங்க."

அவர் அதைக் கேட்டுத் தெம்பாகிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துத் தெருவில் தள்ளலாம் போலிருந்தது. அண்ணி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் பூட்டி முடித்து, அண்ணி கிக்கரை மிதித்தார். துரை உடனே எழுந்துகொண்டார். எழுந்த வேகத்தில் கத்த ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் தலைதெறிக்க ஓடியது, புகைக்குழாயில் பட்பட்டென்று வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அண்ணி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, கவட்டைக் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தார். இடது பக்கம் வைத்ததும் சத்தம் மாறியது. தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டது.

"இங்கதான் திருட்டுக் காத்து உள்ள போகுது. குழாயோட முகம் சமமா இல்ல."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று நான் தலையில் கை வைத்தேன். அண்ணியோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தொழில் என்னடா?"

மூக்குக்கண்ணாடிக் கடை என் தொழில். கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். சமமான தளத்துக்கு என்னைவிட்டால் வேறு யாரிடம் போவது? அன்று சாயங்காலம் கடையிலிருந்த தடிமனான கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பசையைத் தடவி, அந்தக் குழாயைக் கவிழ்த்து வைத்து எட்டு போடுகிற மாதிரி சுழற்றித் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால் நடுவில் பளபளப்பு, ஓரத்தில் பழைய கறுப்பு. மறுபடி தேய்த்தேன். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒருவர் கடைக்காரனைக் காணோம் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார். அண்ணி எதிரில் உட்கார்ந்து, பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் தேய்க்கிற வரைக்கும் அவர் அமுக்கினார். குழாயின் முகம் முழுக்க ஒரே வெள்ளையாக வந்தபோதுதான் இருவரும் நிறுத்தினோம்.

இந்தத் தடவை மாட்டி மிதித்ததும் துரை கத்தாமல் மரியாதையாக ஓடினார். தெருவைச் சுற்றி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வரும் துளையை, அதாவது ஜெட்டை, அண்ணி ஒரு நம்பர் பெரிதாக மாற்றினார். மறுபடி பார்த்தால் நல்ல தேநீர் நிறம். அண்ணி ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். முழுசாகத் திரும்பியது. விட்டார். திரும்பவும் திருகினார். அண்ணிக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். துரையின் பெட்ரோல் டேங்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய். பழைய நாளில் பக்கத்துக்கு ஒரு கார்புரேட்டர் அல்லவா? இடது குழாய் எப்போதும் லேசாக ஒழுகும். "ஒரு மூக்குக்கு எதுக்கு ரெண்டு குழாய்? ஒண்ணுன்னா எல்லாமே ஒண்ணு" என்று அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டார். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒரு கேபிள், ஒரு மூக்கு, ஒரு குழாய். இருவரும் தள்ளி நின்று ரசித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முதலுதவிப் பெட்டியும் போர்வையும் இரண்டு தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். "போருக்கா போறோம்?" என்றேன். அண்ணி டேங்க் மூடியைத் திறந்து பார்த்து, "போயிட்டு வரத் தாராளம்" என்று மூடினார். துரை ஒரே மிதியில் எழுந்தார்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கினார், இறக்கத்தில் பாடிக்கொண்டு போனார். அண்ணியின் முதுகு நேராக இருந்தது. அணையில் இறங்கியதும் அண்ணி எங்கள் பக்கம் திரும்பாமல் வலது கையை உதறினார், பிறகு சட்டென்று, வண்டி ஓட்டும்போது போடும் தோல் ஜாக்கெட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். "வலிக்குது அவளுக்கு" என்றார். "போதும், விட்டுடுன்னு கையக் காட்டினா விட்டுடுவாளா?"

"மாட்டாங்க" என்றேன்.

திரும்பும் வழியில், காட்டைத் தாண்டி ஏறும் நீண்ட மேட்டில், துரை ஒரு செருமல் செருமினார். இன்னொரு செருமல். பிறகு நின்றே போனார். அண்ணி ஓரங்கட்டினார். நாங்களும் பின்னால் நிறுத்தினோம். கிக்கரை மிதித்தார், ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தார்.

"அவ்வளவுதான், முடிஞ்சது" என்று அண்ணன் கதவின் பிடியில் கை வைத்தார்.

"அண்ணா, இறங்காதீங்க! அவங்க கை ஒண்ணும் விடலையே. எஞ்சின்தானே நின்னிருக்கு?"

"எது நின்னா என்னடா? நடு ரோட்டுல நிக்கறாளே!"

அண்ணி திரும்பிப் பார்க்காமலே இடது உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டினார். அங்கேயே இருங்கள் என்று. அண்ணனின் கை கதவிலிருந்து இறங்கியது.

அண்ணி டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வண்டியை ஆட்டிப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த டேங்க் ஒரு கால்சட்டை மாதிரி. மேலே ஒன்று, கீழே இரண்டு கால், நடுவில் வண்டியின் முதுகுக் குழாய் போகிறது. பெட்ரோல் குறைந்துவிட்டால் இடது காலில் இருப்பது வலது காலுக்கு வராது. இடது காலுக்கு வழி அந்த ஒழுகுகிற பெட்ரோல் குழாய்தான், அதைத்தான் போல்ட் போட்டு அடைத்தாயிற்று. வலது பக்கம் வற்றிவிட்டது, இடது பக்கம் பெட்ரோல் கிடந்து மினுங்குகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்.

அதை இந்தப் பக்கம் கொண்டுவர ஒரே வழி, வண்டியை வலப்பக்கம் நன்றாகச் சாய்ப்பது. துரையின் எடைக்கு நானும் அண்ணனும் சேர்ந்து பிடித்தாலே மூச்சுத் திணறும்.

சாலையோரம் இடுப்பளவுக்கு ஒரு மண்மேடு இருந்தது. அண்ணி வண்டியை மெல்ல மெல்லத் தள்ளித் திருப்பி, வலது பக்கம் மேட்டைப் பார்க்கும்படி கொண்டு வந்தார். டேங்கை இறுக்கி மூடினார். இடப்பக்க ஸ்டாண்டை இறக்கிவிட்டார். தோல் ஜாக்கெட்டைக் கழற்றி மேட்டின் மேல் விரித்தார். பிறகு இடது பக்கம் நின்று, இருக்கையை முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டின் மேல் சாய்த்தார். பாதியில் வலது கை நழுவியது. வண்டி தொப்பென்று இறங்கியது. கார்க் கண்ணாடி இறங்கியிருந்ததால் எங்களுக்கு அண்ணியின் "ஆ" கேட்டது.

அண்ணன் இருக்கையில் எம்பினார். "அண்ணா" என்றேன். "தெரியும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

அண்ணி சற்று நேரம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், பெட்ரோல் வழிகிற சத்தத்தை. அப்புறம் மேட்டின் மேல் ஏறி, வண்டிக்கும் மேட்டுக்கும் நடுவில் புகுந்து, இருக்கையில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றித் தள்ளினார். கையை நம்பவே இல்லை. துரை கொஞ்சம் அசைந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு, காலை மாற்றி ஊன்றி, இன்னொரு தடவை தள்ளினார். வண்டி எழுந்தது. பாதி எழுந்தது. அப்போது பாழாய்ப்போன எங்கள் கார் ஹாரன் பாங்ங்ங் என்று அலறியது. அண்ணன்தான். தானும் சேர்ந்து தள்ளுவதாக நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

வண்டி நிமிர்ந்து, இடப்பக்க ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது. அண்ணி திரும்பி எங்களை ஒரு முறை முறைத்தார். இரண்டு பேரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டோம்.

குழாயைத் திறந்தார், கார்புரேட்டரின் குமிழை அழுத்தினார், மிதித்தார். மூன்றாவது மிதியில் துரை எழுந்தார். அண்ணி அழுக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் காரைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தார், நான்தான் இடித்துச் சொன்னேன்.

வீட்டு வாசலில் சங்கத் தலைவர் வண்டி ஏற்றும் டிரெய்லரோடு காத்திருந்தார், கயிறெல்லாம் தயாராக. அண்ணி கேட்டுக்குள் நுழைந்து எஞ்சினை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. ஹெல்மெட்டோடு நேராகப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறங்கி வேகமாக அவர் பக்கத்தில் போனார், நானும் போனேன். அப்போதுதான் தெரிந்தது. அண்ணியின் வலது கை கைப்பிடியைவிட்டு வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. வெளுத்துப் போயிருந்தன. அண்ணி அண்ணனைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததே இல்லை. இதோ, பிடிபட்டுவிட்டோம், இனி வண்டி போய்விடும் என்கிற பயம்.

தலைவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். "என்னம்மா, எப்படிப் போச்சு?"

அண்ணன் நகர்ந்து, அண்ணியின் கையை அவர் பார்க்காதபடி குறுக்கே நின்றுகொண்டார். சுண்டு விரலை எடுத்தார். தேய்த்துவிட்டார். அடுத்த விரலை எடுத்தார். மருந்துக்கடைக்காரர் அல்லவா, வலிக்காமல் எடுக்கத் தெரிந்திருந்தது.

"நல்லா போச்சுங்க" என்றார் தோளுக்கு மேல் திரும்பி. "வண்டி குடுக்கறதா இல்ல. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல், மன்னிச்சிக்குங்க."

தலைவர் ஒற்றைக் கார்புரேட்டரை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, டிரெய்லரோடு திரும்பிப் போனார். கட்டைவிரலும் வந்துவிட்டது. அண்ணன் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கைப்பிடி ரப்பர் இன்னும் கொஞ்சம் தடியா இருந்தா இப்படிப் பிடிச்சுக்காது" என்றார் அண்ணி, கடைசியில்.

அண்ணன் குனிந்து கைப்பிடியைப் பார்த்தார். அந்த வண்டியை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.